விருந்தாளிகள் போன பிறகு

அன்றும் வுபாலம் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். அறையைக் கூட்டினாள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். வெள்ளைப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவன் ஃபெக்காடுதான், கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்தான்.

"இன்னைக்கும் சீக்கிரம் எந்திரிச்சிட்டியா?" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தூக்கம் வரல."

அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நடிக்கத் தெரியாத மனுஷன். இத்தனை நாளாகச் சுவரையே பார்த்துப் படுக்கிறான்.

கோந்தரிலிருந்து இந்த யூத நாட்டுக்குக் குடியேறி வந்த எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுச் செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிட மாட்டோம். நெருங்கிய சொந்தம் இறந்துவிட்டால், ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் அந்த ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். அப்புறம் ஒரு விடியற்காலையில் பெரியவர்களும் உறவுக்காரர்களும் சேர்ந்து வந்து கதவைத் தட்டுவார்கள். அவள் விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஆள் இருக்கும்போது, பெரியவர் ஒருவர் வாய் திறந்து சொல்லுவார். அதுவரைக்கும் அவள் வீட்டில் சாவு இல்லை. அவளும் கேட்கக் கூடாது.

வுபாலத்தின் அண்ணன் தெஸ்ஃபாவ் கோந்தரில் செத்துப்போனது வுபாலத்துக்குத் தெரியும். பக்கத்து அறை எனானுதான் காரணம், வேண்டுமென்று செய்யவில்லை. யாரோ ஒருத்தியின் கல்யாண வீடியோவைக் காட்டுகிறேன் என்று கைபேசியைத் தள்ளிக்கொண்டே போனவள், தெஸ்ஃபாவின் முகம் வந்ததும் திடுக்கிட்டு நின்றாள். படத்தின் கீழே மெழுகுவத்தி. மேலே கறுப்புப் பட்டை. அடுத்த நொடி எனானுவின் கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டது.

"பொண்ணு நல்லா இருக்கா இல்ல?" என்றாள் எனானு.

"நல்லா இருக்கா. நகைதான் கொஞ்சம் அதிகம்," என்றாள் வுபாலம்.

அன்றிலிருந்து பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல ஆகிவிட்டது அவளுக்கு உடம்பு முழுக்க. தொட்டால் தொடுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். மாவு கரைத்தாள், ரொட்டி சுட்டாள், எபிரேய வகுப்புக்குப் போனாள். எல்லாரும் சிரித்தபோது சிரித்தாள். அழுகை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று அவளுக்கே விளங்கவில்லை. யாராவது வந்து சொன்னால் வரும் என்று நம்பினாள். அதற்காகத்தான் விடியலுக்கு முன்னால் அந்தக் காத்திருப்பு.

யாரும் வராததற்குக் காரணம் விருந்தாளிகள்.

அந்தப் பாலைவன ஊரின் ஓரத்தில் இருக்கும் குடியேற்ற விடுதியில், பணம் தருகிற வெளிநாட்டு யூத விருந்தாளிகளின் பெயர் எழுதாத சாமானே கிடையாது. துணி துவைக்கும் இயந்திரத்தில் டொராண்டோ குடும்பம் ஒன்றின் பெயர், தண்ணீர்க் குழாய்க்கு மேலே மான்செஸ்டர் தம்பதியின் பெயர். நாற்காலிகளின் முதுகில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். பிள்ளைகள் எபிரேய எழுத்துகளைப் படித்துப் பழகியதே அவற்றைப் பார்த்துத்தான். பழிக்கவில்லை, நல்ல மனசுக்காரர்கள். கோந்தரில் காத்துக்கிடக்கிற சனங்களை ஏற்றி வரும் விமானத்துக்கும் அவர்கள்தான் பணம் திரட்டித் தருகிறார்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பேருந்தில் வந்து இறங்கி, தங்கள் பணம் என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த முறை வரவேண்டியவர்கள் வினிபெக் ஊர்க்காரர்கள். அங்கே பனிப்புயல் அடித்து விமான நிலையத்தை மூடிவிட்டதால், வருகை ஒரு தடவை தள்ளிப்போயிற்று. பிறகு இன்னொரு தடவையும் தள்ளிப்போயிற்று. அவர்கள் காப்பி குடிக்கப்போவது வுபாலத்தின் அறையில் என்று முன்பே முடிவாகியிருந்தது. அவள் அறை சுத்தம், அவள் காப்பி மணக்கும், முகமும் படத்துக்கு நன்றாக இருக்கும்.

இதை அவள் சுவர் வழியாகத் தெரிந்துகொண்டாள். விடுதிச் சுவர்கள் அட்டை மாதிரி.

"எத்தன நாளைக்குத்தான் மறைக்கறது? அவ மூஞ்சியப் பாக்கவே முடியலய்யா," என்று ஓர் இரவு எனானு புருஷனிடம் பொருமினாள்.

"மெதுவாப் பேசு. விருந்தாளிங்க போனப்புறம் சொல்லலாம்னு பெரியவங்களே சொல்லிட்டாங்க. அழுகை வீட்டுக்குள்ள அவங்களக் கூட்டிட்டு வர முடியுமா? உன் அம்மாவும் அந்த விமானத்துலதான வரணும்?"

வுபாலம் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எனானுவின் அம்மா மட்டுமா வரணும்? தெஸ்ஃபாவின் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் அதே விமானத்துக்குத்தான் காத்திருந்தார்கள். அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் மதவகுப்பில் ஒன்று நடந்தது. கழுத்தில் எப்போதும் கம்பளித் துண்டு சுற்றியிருக்கும் மதகுரு, எங்கள் ரப்பி, துக்கச் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவர் இறந்த செய்தி முப்பது நாளுக்குள் காதில் விழுந்தால், கேட்ட நாளிலிருந்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்க வேண்டும். முப்பது நாள் தாண்டி வந்த செய்தி என்றால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும். பேருந்து நேரம் சொல்லுகிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வுபாலம் விரல்விட்டு நாளை எண்ணினாள். தன்னை வளர்த்த அண்ணனுக்கு ஒரு மணி நேரம்! ரொட்டி மாவு புளிப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கண்ணால் பார்த்துவிட்டால் அது என்ன கணக்கு என்று ரப்பியிடம் கேட்க நினைத்தாள். அவர் என்ன பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

முப்பது நாள் முடிய இன்னும் கொஞ்சமே மிச்சம் இருந்தபோது அஸ்மாரெ வந்தான். ஃபெக்காடுவின் சித்தப்பா மகன். சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்து, எபிரேயமும் ஆங்கிலமும் படித்து, விடுதி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, அவங்க நாளைக்கு வர்றாங்க. இந்தத் தடவை நிச்சயம்."

"வரட்டும்."

"அரை மணி நேரந்தான் இருப்பாங்க. நம்ம வழக்கப்படி மூணு கோப்பையும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எல்லாம் உக்கார மாட்டாங்க, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"வேற எதுவும் சொல்லணுமா அஸ்மாரெ?"

அவள் அவன் கண்ணையே பார்த்தாள். சொல்லிவிடேன்டா, இப்பவே சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள்.

"வேற என்ன அண்ணி... பாப்கார்ன் மட்டும் கொஞ்சம் அதிகமாப் பொரிச்சு வைங்க. போன தடவை வந்தவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"சரி," என்றாள். சோளம் வாங்கக் கிளம்பினாள்.

மறுநாள் தரையில் பச்சைப் புல் பரப்பி, கரி அடுப்பை மூட்டி, சாம்பிராணி போட்டாள். புகை எழுந்தால் தீ அபாய மணி அலறும் என்பதால் எனானு அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டாள். பக்கத்து அறைப் பெண்கள் நான்கைந்து பேர் வெள்ளை உடுத்தி வந்து சுவரோரம் அமர்ந்தார்கள். எல்லாரும் அவளிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். அதுவே காட்டிக்கொடுத்தது.

விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு விடுதி நிர்வாகி லூபா முதலில் நுழைந்தாள். அவள் முப்பது வருஷத்துக்கு முன்னால் கிஷினேவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியவள். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசாமல் அவள் எந்த விருந்தாளியையும் விட்டதில்லை.

"என் பெட்டியில என்ன இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பாவாடை, ஒரு இறைச்சி அரைக்கிற மிஷின். எங்கம்மா கட்டிக் குடுத்தது. இங்க அரைச்ச இறைச்சியே கடையில கிடைக்கும்னு யாரும் அவளுக்குச் சொல்லல!" என்று தானே சிரித்தாள். விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

அவர்களில் மூத்தவர் ஹாரியட் வோலின்ஸ்கி. எழுபதைத் தாண்டிய பெண்மணி, குட்டையான உருவம், கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை. விமானப் பணத்தில் பெரும்பங்கு அவர் குடும்பத்துடையது என்று லூபா எல்லாரிடமும் காதோடு சொல்லியிருந்தாள். லூபா அவரை அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அந்த நாற்காலியில் வுபாலம் யாரையும் உட்காரவிட்டதில்லை. கோந்தரில் அவள் பேருந்து ஏறிய அன்று தெஸ்ஃபாவ் வறுத்த வாற்கோதுமைப் பொட்டலம் ஒன்றை அவள் மடியில் திணித்து, "போ, போய் எனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வை. நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது," என்று கிண்டலடித்தான். பதினெட்டு வருஷம் காத்து நின்றவன் அவன். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் பிடித்து வைத்திருந்தாள்.

இப்போது ஹாரியட் அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. காப்பிக் கொட்டையை வறுத்து, புகையை விருந்தாளிகள் பக்கம் விசிறிக் காட்டினாள். அவர்கள் கண்ணை மூடி மோந்து, "ஆஹா" என்றார்கள்.

முதல் கோப்பை முடிந்தது. ஹாரியட் முன்னால் குனிந்து கேட்டார். அஸ்மாரெ மொழிபெயர்த்தான்.

"உங்க சொந்தக்காரங்க இன்னும் யாராவது அங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க அண்ணி."

"அண்ணன்," என்றாள் வுபாலம். "அண்ணன் பொண்டாட்டி. மூணு பிள்ளைங்க."

அஸ்மாரெ அதை ஆங்கிலத்தில் சொன்னான். ஹாரியட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக, காய்ந்து, மெத்தென்று இருந்தது. எதையோ அழுத்தமாகச் சொன்னார். அஸ்மாரெ கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"சொல்லுப்பா," என்று லூபா அதட்டினாள்.

"அண்ணி... அடுத்த விமானத்துல உங்க அண்ணன் வருவாராம். அவங்க பொறுப்பாம். கவலைப்படாதீங்கன்னு சொல்றாங்க."

சுவரோரம் ஒரு பெண் இருமினாள். ஃபெக்காடு வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்றின்னு சொல்லு," என்றாள் வுபாலம். இரண்டாவது கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அதற்குள் வெளியே பேருந்து ஒரு தடவை ஒலி எழுப்பியது. லூபா கைக்கடிகாரத்தைப் பார்த்து, பரிசை எடுக்கச் சொன்னாள். விடுதிப் பெண்கள் சேர்ந்து வாங்கிய வெள்ளைப் பருத்திப் போர்வை, ஒரு பக்கக் கரையில் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னல் வேலை. வுபாலம்தான் போர்த்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. அவள் கையில் காப்பிக் குடுவை இருந்ததால் லூபா பொறுக்க முடியாமல் தானே பிரித்தாள்.

"இந்த வேலைப்பாடு படத்துல தெரியணும்," என்று சொல்லிக்கொண்டே, கரையைக் கழுத்தோரமாக மேலே வரும்படி ஹாரியட்டின் மேல் சுற்றிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

நல்ல நாளில் அந்தக் கரை கீழே தொங்கும். கரையைக் கழுத்துக்கு ஏற்றிப் போர்த்துவது சாவு வீட்டுக்குப் போகும்போது. எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். லூபாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எங்களோடு புழங்குகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எனானு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த அறையில் இருந்த எங்களவர் அத்தனை பேரும் ஒரே தவறைச் செய்தார்கள். போர்வையைப் போர்த்தியிருந்தவரைப் பார்க்கவேண்டியவர்கள், எல்லாரும் வுபாலத்தைப் பார்த்தார்கள்.

அவளும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குடுவை அவள் கையிலேயே இருந்தது.

புன்னகையோடு இருந்த ஹாரியட்டின் முகம் மெல்ல மாறியது. அவர் சுற்றிலும் பார்த்தார். அஸ்மாரெயிடம் ஏதோ கேட்டார். அவன் வேகமாகத் தலையாட்டிப் பதில் சொன்னான். சந்தோஷம், நன்றி, உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்ற வகையில் ஏதோ ஒன்று. ஹாரியட் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பிறகு, சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த ஓட்டை எபிரேயத்தில், வுபாலத்தையே நேராகக் கேட்டார்.

"யாரு செத்துட்டாங்க?"

வுபாலத்துக்கும் ஓட்டை எபிரேயம்தான். அந்தக் கேள்விக்கு அது போதும்.

"அண்ணன்," என்றாள்.

"ஐயோ அண்ணி!" அஸ்மாரெ அலறாத குறை. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் இருக்கீங்க. என்னைப் பிடிச்சுக்க ஆள் இருக்கு. இப்பச் சொல்லு."

"பெரியவங்க வரணும் அண்ணி, நான் சின்னவன்..."

"மாசம் முடியப்போகுதுடா! ஒரு மணி நேரம்தான் குடுப்பியா எங்கண்ணனுக்கு? சொல்லு!"

அவன் வாசலில் நின்ற ஃபெக்காடுவைப் பார்த்தான். ஃபெக்காடு கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை அசைத்தான். அஸ்மாரெ கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, ஆங்கிலமும் எபிரேயமும் போய், பிறந்த மொழியில் சொன்னான்.

"அண்ணி, தெஸ்ஃபாவ் அண்ணன் நம்மள விட்டுப் போயிட்டாரு."

பெண்கள் ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். எத்தனை நாள் அடக்கி வைத்ததோ, சுவர் அதிர்ந்தது. பக்கத்துக் கட்டிடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஹாரியட் நாற்காலியிலிருந்து எழுந்து, வீங்கிய காலை மடக்கச் சிரமப்பட்டு, புல் பரப்பிய தரையில் வுபாலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் புருஷனுக்காகத் தரையில் உட்கார்ந்து எழுந்து இன்னும் வருஷம் ஆகவில்லை என்று பிறகு அஸ்மாரெ சொன்னான். அவரும் அழுதார். லூபா ஒன்றும் புரியாமல், "நான் என்ன பண்ணிட்டேன்? நான் என்ன பண்ணிட்டேன்?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வுபாலம் மட்டும் அழவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தாள். சொல்லியாயிற்று, எல்லாரும் இருக்கிறார்கள், கண் காய்ந்தே கிடந்தது. இரண்டாவது கோப்பை இன்னும் ஊற்றவில்லையே என்றுதான் அவளுக்கு நினைவு ஓடியது. குடுவையைச் சாய்த்து ஊற்றப் போனாள்.

எனானு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுக்கா. நீ ஊத்தக் கூடாது."

"விருந்தாளிங்க..."

"நீ துக்கக்காரி. இனி ஏழு நாளைக்கு நாங்க உனக்கு ஊத்தணும். குடு இப்படி."

விரல் ஒவ்வொன்றாகப் பிரித்து எனானு குடுவையை வாங்கிக்கொண்டாள். வுபாலத்தின் கை வெறுமையாக மடியில் விழுந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருந்தது. எதிரே அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து, அண்ணன் பேரைச் சொல்லி, ஊர்ப் பாஷையில் வந்தது.

அந்தச் சமயத்தில், வினிபெக் குழுவோடு வந்த புகைப்படக்காரர் பேருந்திலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். தாமதமாகிறதே என்று கூப்பிட வந்தவர் அவர். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

ஏழு நாளும் வுபாலம் தரையில் உட்கார்ந்தாள். விடுதி முழுக்க வந்து போயிற்று. ஹாரியட் ஊருக்குத் திரும்பும் முன் தனியாக ஒரு வாடகைக் காரில் வந்து, மூன்று கோப்பை காப்பியும் குடித்துவிட்டுப் போனார். விமானம் எப்போது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது.

சில வாரம் கழித்து விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். வினிபெக் அலுவலகம் சட்டம் போட்டு அனுப்பியது. கீழே பித்தளைத் தகட்டில் எபிரேயத்தில் இரண்டு வார்த்தை. வுபாலம் தட்டோடு நின்று, வகுப்பில் படித்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'நன்றிக் கண்ணீர்.'

"கழட்டச் சொல்லட்டுமா அண்ணி?" என்று பின்னால் வந்த அஸ்மாரெ தாழ்ந்த குரலில் கேட்டான்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எங்களவர் அத்தனை பேரும் விருந்துக்கு உடுத்திய மாதிரி, கரை கீழே தொங்க இருந்தார்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள். வினிபெக் கிழவி ஒருத்தர் மட்டும் கரையைக் கழுத்துக்கு ஏற்றி, தெஸ்ஃபாவின் சாவுக்கு முறையாக உடுத்தியிருந்தார்.

"வேணாம். இருக்கட்டும்," என்றாள் வுபாலம்.